இலக்கு: எதுவுமில்லை

குன்வோர் போட்டிருக்கும் கண்ணாடி
அவள் பார்வையைத் திருட நான் கொடுத்தது.
நொடிக்கு ஐம்பது முறை
கருவிழி எங்கே நிற்கிறதென்று குறித்துக்கொள்ளும்.
திரோந்தெய்மில் என் மேசைக்கு
அது சிவப்புப் புள்ளியாக வந்து சேரும்,
படத்தின் மேல் ஊரும்
ஒற்றைக் கட்டெறும்பு போல.

வடக்கே போகும் பாதையில்
சிக்னல் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள்.
பச்சையும் சிவப்பும் இனி வெளியே இல்லை.
ஓட்டுநர் முன்னால் ஒரு திரை,
திரையில் ஒரு வட்டம், வட்டத்தில் ஒரு முள்.
எவ்வளவு வேகம், எங்கே நிற்பது,
எல்லாம் அதுவே சொல்லும்.
கேட்காவிட்டால் அதுவே பிரேக் போடும்.

"நல்லதுதான்" என்றாள் முதல் நாளே,
பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றியபடி.
"பனிப்புயலில் கம்பத்தைத் தேடித் தேடி
என் கழுத்து கொக்குக் கழுத்தாகிவிட்டது.
எடுத்துப் போகட்டும்."

பயிற்சி நான்கு நாள்.
மாதிரி வண்டியில் கலைமான்கள் குறுக்கே வரவில்லை.
முந்தின இரவு யாருக்கும் குழந்தை அழவில்லை.
எல்லோரும் தேறிவிட்டார்கள்.

திரை 'பிங்' என்னும்.
எதற்கென்று எழுத்தில் காட்டும்.
படித்தேன் என்பதற்குப் பொத்தானைத் தொட வேண்டும்.
முதல் வாரம் படித்துவிட்டுத் தொட்டாள்.
மூன்றாம் வாரம் தொட்டுவிட்டுப் படித்தாள்.
ஆறாம் வாரம்
சிவப்புப் புள்ளி எழுத்தின் பக்கமே போகவில்லை.
விரல் மட்டும் போய்விட்டு வந்தது,
தூக்கத்தில் கொசு விரட்டும் கை போல.

கூட்டத்தில் சொன்னேன்.
மென்பொருள் பொறுப்பிலிருக்கும் ஸ்டைனார் கேட்டார்:
"சத்தத்தைக் கூட்டலாமா?"
சங்கத்திலிருந்து வந்த ஊட்முண்ட் சொன்னார்:
"கூட்டுங்கள். என் வீட்டிலும்
அதைத்தான் செய்து பார்த்தார்கள்."
சிரித்தார்கள்.
குறிப்பில் 'பரிசீலனைக்கு' என்று ஏறியது.

நவம்பர் பதினொன்று, பிற்பகல் நான்கு மணி,
அந்தப் பக்கம் அது நல்ல இருட்டு.
வேகம் குறைய வேண்டிய வளைவு.
முள் மஞ்சளானது, ஆரஞ்சானது,
சத்தம் வந்தது, விரல் தொட்டது,
பிறகு வண்டி தானாகவே நின்றது.
மூன்றாம் பெட்டியில் யாருடைய சூப்போ கவிழ்ந்தது.
அவ்வளவுதான்.

பதிவேடு அதை வெற்றி என்றது.
சரிதான், அது வெற்றிதான்.
ஸ்டைனார் கேக் வாங்கி வந்தார்.

நான் புள்ளியைத் தேடினேன்.
அந்த நான்கு நொடியும் அது
திரையிலும் இல்லை, தண்டவாளத்திலும் இல்லை.
வலப்புறம், பிர்ச் மரங்களுக்கு மேலே,
வெறும் இருட்டில்
ஆணி அடித்தாற்போல நின்றது.
என் அட்டவணையில் 'இலக்கு' என்றொரு கட்டம்:
திரை, பாதை, கைப்பிடி, கைப்பேசி.
இருட்டுக்கு அதில் இடமில்லை.

படத்தை அவளிடம் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தாள்.
"அங்கேதான் அந்தச் சனியன் பிடித்த கம்பம் இருந்தது.
மரத்தை வெட்டுங்கள், மறைக்கிறது என்று
பதினெட்டு வருடம் எழுதிப் போட்டேன்."
பிறகு,
"நான் பார்க்கவில்லை. கழுத்து பார்த்திருக்கிறது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"அறிக்கையில் பெயர் போடுவாயா?"
இல்லை, ஓட்டுநர் ஏழு என்றுதான்.
"ஏழு பெண் என்று போடுவாயா?"
போடுவேன்.
"வடக்கே நாங்கள் இரண்டே பேர்.
மற்றவள் பிரசவ விடுப்பில் இருக்கிறாள்."

இரவு, தரவைச் சுத்தம் செய்தேன்.
எதனோடும் பொருந்தாத வரிகளை
மென்பொருளே பொறுக்கி வைத்து
ஒரு சிறு பெட்டியைத் திறந்து என்னவோ கேட்டது.
சரி என்று அழுத்திய பிறகுதான்
என்ன கேட்டது என்று யோசித்தேன்.

இருநூறு வரிகள் குறைந்திருந்தன.
நான்கு நொடி.

மீட்டெடுக்க முக்கால் மணி நேரம்.
அறையில் வேறு யாரும் இல்லை,
இருந்தும் காது சுட்டது.
'ஏழு' என்பதை எடுத்தேன், 'பெண்' என்பதை எடுத்தேன்.
இலக்கு என்ற கட்டத்தில் 'பிற' என்று போட்டேன்,
அழித்தேன்.
'எதுவுமில்லை' என்று போட்டேன்,
அதையும் அழித்தேன்.

காலை ஒன்பதுக்கு ஸ்டைனார் கேட்பார்.
அதற்குள் அந்த இடத்துக்கு
ஒரு பெயர் வேண்டும்.